கழற்ற முடியாத ஆறாவது ஸ்க்ரூ

ஒரு ஸ்க்ரூவைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் என் மனைவி நம்புவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் என்னோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலி ஆடினால், பிரியாணியை விட்டுவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆள் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் லேத்தில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தேன். வேலையை விட்ட பிறகு கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்துக்கொண்டேன். ஸ்க்ரூவில் நான் போடுகிற மரை எந்த நட்டிலும் போய் உட்காரும். ஒரு தலைமுடியின் பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டுவிடுவேன். ‘பாய் கை பட்டா அளவு தப்பாது’ என்று அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

என் மச்சான், அதாவது என் தங்கை வீட்டுக்காரர், இருப்பது கடப்பாக்கத்தில். அவருடைய தொழில் எனக்கு நேர் எதிர். இடிக்கிற வீடுகளில் பழைய கதவு, தூண், பித்தளைச் சாமான், மர அலமாரி எல்லாம் வாங்கி, மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் முளைத்திருக்கிற ரிசார்ட்டுகளுக்குக் கொடுப்பார். அங்கே வருகிறவர்களுக்குக் குளிக்கிற இடம் புதிதாக இருக்க வேண்டும், பார்க்கிற இடம் பழசாக இருக்க வேண்டும். செல் அரித்த கதவுக்குத் தேக்குக் கதவைவிட மரியாதை அதிகம். இதைப் பற்றி நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அவர் பதில் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்.

போன வருஷம் ஒருநாள் காலையில் அரிசிப் பையில் எதையோ சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பிரித்தால் ஒரு கைத்துப்பாக்கி. ஒரு முழ நீளத்துக்கு மேல் இருந்தது. மரப்பிடி, இரும்புக் குழல், பக்கவாட்டில் சிக்கிமுக்கிக் கல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு குதிரை. விசையை அழுத்தினால் அந்தக் குதிரை முன்னால் பாய்ந்து, கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, மருந்து பற்றிக்கொள்ளும். தோட்டா என்று ஒன்று வருவதற்கு முந்தைய காலத்து ஐரோப்பியச் சரக்கு. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு வீட்டை இடிக்கும்போது அலமாரியோடு சேர்ந்து வந்ததாம். அது எப்படி அங்கே வந்தது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

"ரிசார்ட்டுல செவுத்துல மாட்டப் போறாங்க மச்சான். இந்தக் குதிர மட்டும் அசையவே மாட்டேங்குது. லைட்டா எண்ண வுட்டு அசைய வெச்சிக் குடு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார்.

எண்ணெய் விடுவதற்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம் எதற்கு? நான் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திறந்தேன்.

மொத்தம் ஆறு ஸ்க்ரூ. ஐந்தை மாலைக்குள் கழற்றினேன். கழற்றிய ஐந்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று இளைப்பு. மரை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நடுவில் களைத்துப்போய்ப் படுத்திருந்தது. தலையில் திருப்புளி நுழைகிற கீறல் நடுவில் இல்லை. அதுவும் பிளேடு மட்டுமே நுழையும் அளவுக்கு ஒல்லி. போதாக்குறைக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரத்தால் கீறிய கோடுகள். ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் நான்கு. அரம் வழுக்கியிருக்கிறது என்று நினைத்தேன். எவனோ குடித்துவிட்டு வேலை செய்திருக்கிறான். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு ஸ்க்ரூவைக் கொண்டுபோய் வைத்திருந்தால், இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தவர் அதை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார், என்னைத்தான் பார்த்திருப்பார்.

ஐந்தையும் ஒரே டப்பாவில் மண்ணெண்ணெயில் போட்டேன். அங்கேதான் முதல் தப்பு. மறுநாள் காலையில் துடைத்து எடுத்தால், எந்த ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலும் போக மறுத்தது. இதை அதில் வைத்தால் பாதியில் நிற்கிறது. அதை இதில் வைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. சாப்பாட்டு நேரம் வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமை கிடையாது, பிறந்ததிலிருந்தே கிடையாது.

ஓட்டைகளை எல்லாம் டிரில் போட்டுப் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டுகிற அஞ்சு மில்லிமீட்டர் டேப்பை ஓட்டி, லேத்தில் ஐந்து புது ஸ்க்ரூ கடைந்தேன். தலை வட்டம், கீறல் நேர் நடுவில், மரை கத்தி மாதிரி. ஐந்தும் ஐந்து ஓட்டையிலும் போயின, எதை எதில் போட்டாலும் போயின. அந்தச் சந்தோஷத்தில் குழலுக்கும் ஒரு வழி பண்ணினேன். அதன் மேல் மங்கலாக ஏதோ எழுத்தும் முத்திரையும் கிடந்தன, சொறி மாதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஃப் சக்கரத்தில் பிடித்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி வந்தது.

ஆறாவது மட்டும் வரவில்லை. குழலின் வால் போன்ற பகுதியை மரத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ அது. மேலே வெளியில் தெரியும். மற்ற ஐந்தில் என் திருப்புளியின் முனையாவது எப்படியோ பற்றியது; இதன் கீறல் அவற்றைவிட ஒல்லி, என்னிடமிருந்த எதுவும் நுழையவில்லை. ஒன்றை முனையில் கொடுத்து அமுக்கினேன், வழுக்கித் தலையில் ஒரு காயம் விழுந்தது. இதற்கு மேல் தொட்டால் கீறலே போய்விடும் என்று கைக்குத் தெரிந்தது. பெயிண்டர்கள் சுவருக்குப் போடுகிற லப்பம் கொஞ்சம் கொட்டகையில் கிடந்தது. கீறலை அடைத்து, மேலே கருப்புப் பெயிண்டைத் தடவினேன். அங்கே ஒரு ஸ்க்ரூ இருப்பதே தெரியவில்லை.

"ஆறும் புதுசு மச்சான். இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது" என்று சொல்லிக் கொடுத்தேன். குதிரையை இழுத்துவிட்டுக் காட்டினேன். பொறி பறந்தது. பழைய ஐந்தும் அந்த வாரமே இரும்புக்காரரின் வண்டியில் கடைசல் தூளோடு போய்ச் சேர்ந்தன.

நான் செய்த வேலையிலேயே இதுதான் சுத்தமான வேலை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ரிசார்ட் திறந்தார்கள். வந்த விருந்தாளிகளில் யாரோ ஒருவர் சுவரிலிருந்து அதை எடுத்துக் குதிரையை இழுத்துவிட்டு, பொறி பறப்பதைப் படம் பிடித்து, ‘உண்மையான துப்பாக்கி, இப்பவும் வேலை செய்யுது’ என்று போனில் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். ஊரில் போலீசும் சேர்த்திதானே. வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரிசார்ட்காரர்கள் மச்சானின் நம்பரைக் கொடுத்துவிட்டுத் தங்கள் காலை நீச்சலுக்குப் போய்விட்டார்கள்.

மச்சானைக் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சாயங்காலம் அனுப்பினார்கள். மறுநாளும் அப்படியே. அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு அடிதான். நூறு இருநூறு வருஷத்துப் பழம்பொருள் என்று தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் தொல்லை இல்லை, அப்படியே முடித்துவிடலாம். இல்லையென்றால் அது கள்ளத் துப்பாக்கி, கேஸ் போட்டுத்தான் ஆகவேண்டும். இன்ஸ்பெக்டர் சொன்னது அவ்வளவுதான். துப்பாக்கியில் இருந்த ஸ்க்ரூக்களைக் காட்டி அவர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: பழசு என்றால் இதெல்லாம் ஏன் நேற்றுச் செய்த மாதிரி இருக்கிறது, யார் செய்தது?

இதைப் படிக்கிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சானும் என் தங்கையும் ஐந்து வருஷம் எழுதிப் போட்டு, அந்த வருஷம்தான் அவர்களுக்கு ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் இடம் விழுந்திருந்தது. பாஸ்போர்ட் கொடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று. அவர் மேல் ஒரு கேஸ் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். இரண்டு பேருக்கும் சர்க்கரை இருக்கிறது. அடுத்த முறை என்று அவர்கள் பேசுவதே இல்லை.

இரண்டாம் நாள் மதியம் என் தங்கை போன் செய்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணே, ஸ்க்ரூவ யாரு மாத்தினாங்கன்னு கேக்குறாங்களாம். இவரு தெரியாது தெரியாதுன்னு சொல்லிகினு குந்திகினு கீறாராம். உனுக்காச்சும் தெரியுமாண்ணே?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குற?" என்றேன்.

"தெரிஞ்சா போய்ச் சொல்லு. தெரியாட்டி உட்டுடு" என்று வைத்துவிட்டாள்.

உடனே கிளம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. கிளம்பவில்லை. கொட்டகைக்குப் போய் லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். துப்பாக்கி ரிப்பேர் செய்த கொட்டகை என்றால் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? மச்சான் என் பேரைச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் பெஞ்சு மிச்சம். அவர் சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்லவாவது முடிந்திருக்கும்.

மறுநாள் காலை ரயில் பிடித்தேன். பொத்தேரியில் மாணவர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. செங்கல்பட்டில் இறங்கிப் பேருந்து ஏறினேன். பையில் இரண்டு திருப்புளியும் ஒரு சின்ன அரமும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால், வெளியூருக்குப் போகும்போது சிலர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா, அப்படித்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் மச்சான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணால் வெளியே போகச் சொன்னார். நான் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் மேஜைக்கு எதிரில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். மியூசியத்தில் பழைய இரும்புச் சாமான்களைக் கெடாமல் பார்த்துக்கொள்கிற வேலையாம். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு என் ஸ்க்ரூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இவராவது வேலையின் அருமையைச் சொல்வார் என்று.

"இது யார் செஞ்சாங்களோ, பிரமாதமான வேலை சார். எதையும் விட்டு வைக்கல" என்றார் அந்தப் பெண்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சிலிருந்து மச்சான், "யோவ்" என்று சொன்னது காதில் விழுந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேத்தில் கடைந்தது, டேப் போட்டது, பஃப் பிடித்தது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாய், உங்க மச்சானக் காப்பாத்த நீங்க வந்து சொல்றீங்கன்னு நான் ஏன் நெனைக்கக் கூடாது?" என்றார். அந்தப் பெண்ணிடம், "இவர் சொல்றது நிஜம்னா இது பழசுதானே மேடம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "சார், இந்த மாதிரித் துப்பாக்கியில வயசச் சொல்றது ஸ்க்ரூதான். அப்புறம் குழல்ல இருக்கற முத்திரை. ரெண்டுமே இப்ப இல்ல. பழைய மாதிரியே புதுசா செஞ்சு விக்கறவங்க இப்ப நிறைய. பழைய மரத்துல புது இரும்பு மாட்டினதுன்னு யாராவது சொன்னா என்னால மறுக்க முடியாது. தெரியாததைத் தெரியும்னு நான் எழுத மாட்டேன்."

ஸ்க்ரூ எப்படி வயதைச் சொல்லும் என்று கேட்டது இன்ஸ்பெக்டர். கேட்டிருக்க வேண்டியது நான். அந்தப் பெண் சொன்னதை இங்கே என் பாஷையில் சொல்கிறேன். ஐரோப்பாவில் முதலில் வந்த துப்பாக்கிகளில் ஸ்க்ரூவே கிடையாது. ஆப்பு அடித்தார்கள், ஆணியைத் தட்டி மடக்கினார்கள். கழற்றித் துடைத்து மறுபடி மாட்ட வேண்டிய அவசியம் வந்தபோதுதான் ஸ்க்ரூ வந்தது. அதை ஒருவன் உட்கார்ந்து அரத்தால் ராவினான். கம்பியைச் சுற்றி அடையாளம் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே அரத்தை ஓட்டி, ஒரு மரை, இரண்டு மரை, மூன்று மரை என்று. ஒரு ஸ்க்ரூவுக்கு அரை நாள் ஆனாலும் ஆகும். பிறகு கெட்டி எஃகுப் பலகையில் மரை போட்ட ஓட்டைகள் வந்தன. கம்பியை அதில் கொடுத்து முறுக்கினால், மரை வெட்டுப்படாமல் பிதுங்கி எழும்பும். அந்தப் பலகை ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்தம். ஒரு தெருவில் செய்த ஸ்க்ரூ அடுத்த தெருத் துப்பாக்கியில் போகாது. அடுத்த தெரு என்ன, அதே துப்பாக்கியின் அடுத்த ஓட்டையிலேயே போகாது. ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டையில் வைத்து வைத்துப் பார்த்து ராவியிருப்பார்கள். அதனால்தான் எது எங்கே என்று தெரிய, அரத்தால் கோடு போட்டு வைத்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு.

அரம் வழுக்கவில்லை. குடித்துவிட்டு வேலை செய்தவன் அவன் இல்லை.

அதற்கு ரொம்பக் காலம் கழித்துத்தான், நீளமான தண்டு ஒன்றின் மரையைப் பார்த்து அதே மாதிரி வெட்டுகிற லேத்து வந்ததாம். பிறகு ஆங்கிலேயர் ஒருவர் தன் நாட்டில் இருந்த ஸ்க்ரூக்களை எல்லாம் வாங்கி அளந்து, இனி எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஒன்றை வகுத்தாராம். அதிலிருந்து எந்த ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலும் போகும். என் முழு வாழ்க்கையும் அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. மற்றதைப் பற்றி இருபத்தெட்டு வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

"கழட்டின பழைய ஸ்க்ரூ ஏதாவது வெச்சிருக்கீங்களா? ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்" என்று அந்தப் பெண் கேட்டார்.

இரும்புக்காரர் வண்டியில் போனதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதப் பேனாவை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. பேனாவை எடுப்பதற்கு முன்னால் மச்சானை ஒருமுறை பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதே மேஜையில், கையெட்டும் தூரத்தில், லப்பத்துக்கு அடியில் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்: துப்பாக்கியில் வேலை செய்தவன் நான்தான் என்று போலீசில் ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. என்னால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற முடியவில்லை, அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டு ஆறும் புதுசு என்று பொய் சொன்னேன் என்று மச்சானுக்கு முன்னால், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஒப்புக்கொள்வது உயிர் போகிற மாதிரி இருந்தது. பேனா பேப்பரைத் தொடுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சில வினாடிகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "ஒண்ணு மாத்தல. இங்க கீது பாருங்க, இதுக்குள்ள. என்னால கழட்ட முடியல. மூடி உட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு குனிந்தார். ஓர் ஊசியால் லப்பத்தைக் கிளறினார். கீறல் தெரிந்தது.

"கழட்ட முடியுமா? தலை உடைஞ்சா எல்லாம் போச்சு" என்றார்.

முடியும் என்று சொல்லவில்லை. முதன்முறையாகப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஸ்டேஷன் வாசற்படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த திருப்புளி ஒன்றின் முனையை அரத்தால் ராவ ஆரம்பித்தேன். அளவெடுக்க வெர்னியர் இல்லை. ராவுவது, உள்ளே எடுத்துப்போய்க் கீறலில் வைத்துப் பார்ப்பது, மறுபடி வந்து ராவுவது. கீறல் நேராகவும் இல்லை, ஒரு முனையில் இன்னும் கொஞ்சம் ஒல்லி. திருப்புளியையும் அதே மாதிரி கோணலாக ராவ வேண்டியிருந்தது. வேண்டுமென்றே கோணலாக ஒன்றைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஏழெட்டு முறை எழுந்து போயிருப்பேன். எதிர் டீக்கடை அடுப்பில் ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி வாங்கி, ஸ்க்ரூவின் தலையில் தொட்டு வைத்தேன். சூடு இறங்கியதும் ஒரு சொட்டு எண்ணெய். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மச்சான் முதலிலேயே கேட்டதும் இந்த ஒரு சொட்டுத்தான்.

திருப்புளி கீறலுக்குள் போய்ச் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தது. திருகினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகக் கொடுத்தது.

வெளியே வந்த ஸ்க்ரூவை அந்தப் பெண் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கோணல் மரை, ஒரு பக்கம் பிதுங்கி, ஒரு பக்கம் அமுங்கி. பக்கத்தில் மூன்று கோடு. அந்த ஸ்க்ரூ போனதும் குழல் மரத்திலிருந்து எழும்பியது. அதன் அடிப்பக்கத்தை நான் தொட்டிருக்கவே முடியாது, கழற்ற முடியாததால். அங்கே துருவுக்கு நடுவில் இரண்டு முத்திரைகளும் செய்தவனின் எழுத்தும் அப்படியே இருந்தன. அதற்கு நேராக மரத்தின் பள்ளத்திலும் அதே மூன்று கோடு.

"சார், இது போதும். இருநூறு வருஷத்துக்குக் குறையாது" என்றார் அந்தப் பெண்.

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கோணலா கீது" என்றார்.

"அதான் சார் எழுதப் போறேன்" என்றார் அந்தப் பெண்.

எழுதினார். ஒரு பக்கம். ஐந்து திருகுகள் அண்மையில் மாற்றப்பட்டதால் பொருளின் மதிப்பு பெருமளவு கெட்டுவிட்டது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், தேவையே இல்லாமல்.

ஸ்க்ரூவை மறுபடி நான்தான் மாட்டினேன். அதன் ஓட்டையில் வைத்ததும் வழி தெரிந்தது போல இறங்கியது. இறுகி நின்றபோது தலையின் கீறல் குழலுக்கு நேர் கோட்டில் நின்றது. நான் அதைத் தற்செயல் என்று நினைத்தேன். நல்ல வேலைக்காரர்கள் அப்படித்தான் ராவி வைப்பார்கள், கடைசி இறுக்கத்தில் கீறல் குழலோடு ஒத்து நிற்கும்படி, என்று அந்தப் பெண் சொன்னார். என் ஐந்தையும் பார்த்தேன். ஒன்று கடற்கரைப் பக்கம், ஒன்று கூடுவாஞ்சேரிப் பக்கம், மற்ற மூன்றும் ஆளுக்கொரு திசையில். அளவில் குற்றம் இல்லை. ஆனால் ஐந்தும் ஒன்றை ஒன்று தெரியாதவை போல நின்றன. பேர் தெரியாத அந்த மனிதரிடம் மனசுக்குள் ஒரு சலாம் சொன்னேன். அவர் இருந்திருந்தால் என்னைத் தன் பட்டறையில் சேர்த்திருக்க மாட்டார்.

திரும்பி வரும்போது மச்சான் எனக்கு முன்னால் நடந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவரும் தங்கையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போகிறவர்கள் புறப்படும் முன் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கொடுக்கல் வாங்கல் வைத்தவர்கள், சண்டை போட்டவர்கள் என்று எல்லார் வீட்டுப் படியும் ஏறி, தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அது வாசலோடு முடிந்துவிடும். இவர் கேட்பார், நாம் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்களுக்கும் துஆ செய்யுங்க’ என்று பிரார்த்தனையில் சேர்க்கச் சொல்வோம், டீ வரும். நானும் அந்த வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ஸ்டேஷன்ல உன் பேர நான் சொல்லல. அது பெருசில்ல, எவனா இருந்தாலும் சொல்ல மாட்டான். ஆனா அந்த பெஞ்சில குந்திகினு உன்ன மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல. ஹஜ்ஜு போயிடுச்சே, இவனாலதானே போச்சுன்னு. சாபம்கூட உட்டேன். உன் கை வெளங்காதுன்னு. அதான் கேக்குறேன், மன்னிச்சிடு."

தயாராக வைத்திருந்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது. கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் வழக்கம்தான். "மன்னிச்சிட்டேன்" என்றேன். வாயிலிருந்து சுலபமாகவே வந்தது, அதுதான் கேவலம்.

டீ கொண்டுவந்த தங்கை, தம்ளரை எனக்கு நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஹஜ்ஜுக்குப் போறவங்க மட்டும்தான் கேக்கணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன். என் வேலைக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்ட பழக்கம் எனக்கு இல்லை. முதலில் என்ன சொல்வது, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், பாதியில் நின்று நின்றுதான் வந்தது. மச்சான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.